நெரூதாவை வாசிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"கவிதையைப் பார், கவிஞனைப் பார்க்காதே" என்று சொல்லிப் பழகிவிட்டோம். நோபல் பரிசு பெற்ற சிலி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெரூதா விஷயத்தில் அந்தப் பேச்சு எடுபடாது.

1929-ல் அவர் சிலி நாட்டுத் துணைத்தூதராகக் (கான்சல்) கொழும்பில் இருந்தார். வீடு வெள்ளவத்தையில், கடலோரம். கழிப்பறை வாளியைக் காலையில் வந்து எடுத்துப்போனவர், தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஒரு தமிழ்ப்பெண். நெரூதா அவருக்குப் பட்டுத்துணி, பழம் என்று வைத்துப் பார்த்தார். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருநாள் அந்தப் பெண்ணின் மணிக்கட்டை இறுகப் பிடித்துப் படுக்கைக்குக் கொண்டுபோனார். பேசிக்கொள்ள இருவருக்கும் பொதுவாக ஒரு மொழிகூட இல்லை.

இதை வதந்தி என்று தள்ளாதீர்கள். எதிரிகள் கட்டிய கதை இல்லை. அவர் இறந்த மறுவருடம், 1974-ல் வெளியான தன்வரலாற்றில் அவரே எழுதியது. 'சபலம்' என்றும் மழுப்பாதீர்கள். குடி, கடன் எல்லாவற்றோடும் சேர்த்து, 'கவிஞர்கள் அப்படித்தான்' என்று சொல்லிவிட முடியாது. குடி அவரவர் உடம்போடு போகிறது. இது இன்னொருவர் உடம்பின்மேல் நடந்த வன்புணர்வு.

அப்புறம், கவிதையையும் கவிஞனையும் பிரித்துப் பார்ப்பது. எதிலிருந்து எதைப் பிரிப்பது? அந்தப் பத்தியே அவருடைய படைப்புதானே! கண்களை அகலத் திறந்தபடி அசையாமல் கிடந்த பெண்ணைச் சிலை என்கிறார். வாசிக்க அழகாக இருக்கிறது. அங்கேதான் நாம் வழுக்கி விழுகிறோம். கல்லுக்கு வலிக்காது. தன்னை அவள் வெறுத்தது சரிதான் என்று அவரே ஒப்புக்கொள்கிறார், ஆனால் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு மன்னிப்பு வழங்க நாம் யார்?

அதற்காகப் புத்தகங்களைத் தூக்கி எறிவதும் சரியில்லை. 1924-ல், இருபது வயதுகூட நிரம்பாத நெரூதா வெளியிட்ட காதல் கவிதைகளை நான் இன்றும் வாசிக்கிறேன். வாசிப்பது வேறு, கௌரவிப்பது வேறு. 2018-ல் சாந்தியாகோ விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டப் பார்த்தபோது சிலியின் பெண்ணியவாதிகள் எதிர்த்தார்கள். அவர்கள் கேள்வி கேட்டது பெயர்ப்பலகையை.

எனக்கு அதிகம் வலிப்பது வேறொன்று. வாதம் முழுக்க நெரூதாவைப் பற்றியே நடக்கிறது. அவர் பெரியவரா, சின்னவரா, நோபல் பரிசுக்குத் தகுதியா? வாளி சுமந்த பெண் மறுபடியும் காணாமல் போகிறார். அந்த இலங்கை நினைவுகளில் நெரூதா வளர்த்த கீரிக்குப் பெயர் இருக்கிறது: கிரியா. இந்தப் பெண்ணுக்கு இல்லை.