தலைப்பைப் போனில் சொல்லிப் பாருங்கள்

புத்தகத்துக்குத் தலைப்பு தேடுகிறீர்களா? யோசித்து வைத்ததை நண்பருக்குப் போன் செய்து ஒரே ஒருமுறை சொல்லுங்கள். "என்னது?" என்று அவர் திருப்பிக் கேட்டால் அதில் ஏதோ இடறுகிறது. புத்தகக் காட்சி ஸ்டாலில் வாசகர் கேட்கப்போவதும் வாயால்தானே.

'கனவு', 'பயணம்', 'நினைவுகள்' மாதிரி ஒற்றைச் சொற்கள் வேண்டாம். தலைப்புக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது. அதே பெயரில் பலர் எழுதியிருப்பார்கள். இணையத்தில் தேடினால் உங்கள் புத்தகம் தவிர எல்லாம் வரும்.

தி. ஜானகிராமனின் 'மோகமுள்' நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். மோகமும் தெரிந்த சொல், முள்ளும் தெரிந்த சொல். இரண்டும் ஒட்டியதும் புதிதாக ஒன்று குத்துகிறது. அரிய சொல்லுக்காக அகராதியைப் புரட்டாமல், பழகிய இரண்டு சொற்களை அருகருகே வைத்துப் பாருங்கள். சமையல் குறிப்பு, வருமான வரி விளக்கம் என்றால் கவித்துவமே வேண்டாம். உள்ளே இருப்பதைச் சொன்னால் போதும்.

அப்புறம், அச்சுக்குப் போகுமுன் தலைப்பைப் புத்தக முதுகின் அகலத்தில் எழுதிப் பாருங்கள். நூறு பக்கப் புத்தகத்தின் முதுகு ஒரு விரல் அகலம்கூட வராது. ஒற்று ஏதும் விட்டுப்போயிருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடுங்கள். உள்ளே விட்ட 'க்' யார் கண்ணிலும் படாமல் போகலாம், அட்டையில் விட்டது எல்லோர் கண்ணிலும் படும்.