மகளிர் சர்வதேச ஃபுட்சால் ஆட்டத்தைப் புரிந்து பார்ப்பது எப்படி?

அணிக்கு ஐந்து பேர் சிறிய ஆடுகளத்தில் ஆடும் கால்பந்து வகைதான் ஃபுட்சால். மகளிர் ஃபுட்சாலுக்கான ஃபிஃபா உலகக் கோப்பை 2025-ஆம் ஆண்டின் இறுதியில்தான் முதன்முறையாக நடந்தது. ஆடவர் உலகக் கோப்பை 1989-இல் நெதர்லாந்தில் தொடங்கிவிட்ட நிலையில், பெண்கள் அதன்பின் 36 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஃபிலிப்பைன்ஸின் பாசிக் நகரில் 16 நாடுகள் கலந்துகொண்ட அந்தத் தொடரின் இறுதியாட்டத்தில் போர்ச்சுகலை வென்று பிரேசில் கோப்பையைக் கைப்பற்றியது. இந்த விளையாட்டை முதன்முறையாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட்டுகிறார்கள். ஆட்டம் வேகமாக இருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் அவர்களுக்குப் பிடிபடுவதில்லை. கடிகாரம், ஃபவுல் எண்ணிக்கை, பெஞ்ச் ஆகிய மூன்றின் மீதும் ஒரு கண் வைத்திருப்பவருக்கே ஃபுட்சால் விளங்கும் என்பது என் உறுதியான கருத்து. அப்படிப் பார்க்கப் பழகுவதற்கான வழியைக் கீழே எழுதியிருக்கிறேன்.

ஆட்டத்துக்கு முன்பே சிறிது தயார் செய்துகொள்வது நல்லது. மோதும் இரண்டு அணிகளின் வீராங்கனைப் பட்டியலையும் அந்தக் கண்டத்தின் அண்மைக்கால வரலாற்றையும் படித்துவிட்டு அமர்ந்தால், ஆட்டத்தின் கனம் உடனே புலப்படும். பிரேசிலையே எடுத்துக்கொள்வோம். 2010 முதல் 2015 வரை ஆண்டுதோறும் நடந்த மகளிர் ஃபுட்சால் உலகப் போட்டிகள் ஆறிலும் வென்ற அணி அது. ஆனால் அவை ஃபிஃபாவின் உலகக் கோப்பைகளாகக் கருதப்படவில்லை. ஐரோப்பாவில் 2019, 2022, 2023 ஆகிய மூன்று மகளிர் யூரோ தொடர்களையும் ஸ்பெயின் வென்றது. முதல் இரண்டிலும் இறுதியாட்டத்தில் அதனிடம் தோற்றது, சொந்த மண்ணில் ஆடிய போர்ச்சுகல். ஆசியாவில் 2015, 2018 ஆகிய தொடர்களை ஈரான் வென்றது. இரண்டு முறையும் இறுதியில் தோற்ற ஜப்பான், 2025-இல் சீனாவில் நடந்த தொடரின் இறுதியாட்டத்தில் தாய்லாந்தைப் பெனால்டி உதைகளில் வென்று முதன்முறையாகக் கோப்பையை எடுத்தது. இந்தப் பின்னணி தெரிந்தவருக்கு ஈரானும் ஜப்பானும் மோதும் சாதாரணப் பிரிவு ஆட்டம்கூடச் சாதாரணமாகத் தெரியாது.

பட்டியலில் இருக்கும் பெயர்களோடு இல்லாத பெயர்களையும் கவனியுங்கள். காயம், தேர்வாளரின் முடிவு ஆகியவற்றைத் தாண்டிய காரணங்களும் பெண்கள் விளையாட்டில் உண்டு. 2015-இல் ஈரான் அணித்தலைவி நிலூஃபர் அர்தலான், கணவர் அனுமதி மறுத்ததால் மலேசியாவில் நடந்த ஆசியத் தொடருக்குச் செல்ல முடியாமல் போனார்; அவர் இல்லாமலேயே ஈரான் அந்தக் கோப்பையை வென்றது. அதே ஆண்டின் பிற்பகுதியில் குவாத்தமாலாவில் நடந்த உலகப் போட்டிக்கு அதிகாரிகளின் சிறப்பு அனுமதியோடுதான் அவரால் பயணம் செய்ய முடிந்தது. ஒரு தேசிய அணி ஆடுகளத்துக்கு வந்து நிற்பதற்குள் எத்தனை தடைகளைத் தாண்டுகிறது என்பதை உணர்ந்து பார்ப்பதும் ஆட்டத்தைப் புரிந்து பார்ப்பதன் ஒரு பகுதி என்றே நான் நினைக்கிறேன்.

இனி ஆட்டத்துக்கு வருவோம். சர்வதேச ஆடுகளத்தின் நீளம் 38 முதல் 42 மீட்டர், அகலம் 20 முதல் 25 மீட்டர். கோல் 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் கொண்டது. அணிக்கு ஐந்து பேர், அவர்களில் ஒருவர் கோல்கீப்பர். பந்து கால்பந்தைவிடச் சிறியது. குறைவாகவே எம்பும் வகையில் தயாரிக்கப்படுவதால் அது தரையோடு ஓடும், வீராங்கனைகள் பாதத்தின் அடிப்பகுதியால் அதை நிறுத்தி அடக்குவார்கள். ஆஃப்சைடு கிடையாது. இந்த அளவுகள் சர்வதேச அளவில் ஆடவருக்கும் மகளிருக்கும் ஒன்றே. ஆகையால் மகளிர் ஆட்டத்தை எதனுடைய சுருக்கமாகவும் எண்ணாமல், அதன் சொந்த அளவுகோலில் வைத்தே பார்க்க வேண்டும்.

கடிகாரம் முதலாவது. ஆட்டம் தலா 20 நிமிடம் கொண்ட இரண்டு பாதிகள். பந்து வெளியே போனதும் கடிகாரம் நின்றுவிடும். எனவே திரையில் 2 நிமிடம் மீதி என்று காட்டினால், உண்மையில் ஐந்தாறு நிமிடம்கூட ஆட்டம் நீளக்கூடும். நேரத்தைக் கடத்த வழியில்லாததால், ஒரு கோல் முன்னிலை என்பது இங்கே ஒருபோதும் பாதுகாப்பானதல்ல. இதோடு 4 விநாடி விதியும் சேர்ந்துகொள்கிறது. கிக்-இன் (பக்கக் கோட்டைத் தாண்டிய பந்தைக் காலால் உள்ளே உதைப்பது), கார்னர், ஃப்ரீ கிக் ஆகியவற்றை எடுப்பதற்கும், கோல்கீப்பர் தன் பாதியில் பந்தை வைத்திருப்பதற்கும் 4 விநாடிகளே உண்டு. நடுவர் கையை உயர்த்தி விரல்களால் எண்ணுவதைப் பாருங்கள். மூன்றாவது விரல் விரியும்போது பந்தை வைத்திருப்பவரின் முகமும் பெஞ்சிலிருந்து வரும் கூச்சலும் ஒருசேர மாறும். அந்த நொடியில் எதிரணி நெருக்கி நிற்குமானால் தவறான பாஸ் ஒன்று கிடைப்பது பெரும்பாலும் உறுதி.

இரண்டாவதான ஃபவுல் எண்ணிக்கைதான் ஆட்டத்தின் போக்கையே மாற்றக்கூடியது; புதிதாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் தவறவிடுவதும் இதைத்தான். ஒவ்வொரு பாதியிலும் ஓர் அணி செய்யும் நேரடி ஃப்ரீ கிக்குக்குரிய ஃபவுல்கள் கூட்டப்பட்டுக்கொண்டே வரும். ஆறாவது ஃபவுலிலிருந்து எதிரணிக்குத் தடுப்புச் சுவர் இல்லாத நேரடி உதை கிடைக்கும். கோலிலிருந்து 10 மீட்டர் தொலைவிலுள்ள புள்ளியில் பந்தை வைத்து அடிக்கலாம். ஃபவுல் அதைவிடக் கோலுக்கு அருகில் நடந்திருந்தால் அந்த இடத்திலிருந்தே அடிக்கவும் உரிமை உண்டு. கோல்கீப்பரைத் தவிர மற்ற அனைவரும் பந்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். இடைவேளைக்குப் பின் கணக்கு மீண்டும் பூஜ்யத்தில் தொடங்கும். ஆனால் இரண்டாம் பாதியின் கணக்கு, கூடுதல் நேரம் வந்தால் அப்படியே தொடரும்.

ஸ்கோர்போர்டில் கோல் எண்ணிக்கைக்கு அருகில் சிறிதாகத் தெரியும் அந்த எண்ணை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது பாருங்கள். ஓர் அணி 5 ஃபவுல்களைத் தொட்டுவிட்டால், அதன் தடுப்பாட்டம் கண்ணெதிரே நிறம் மாறும். அதுவரை உடலோடு உடல் ஒட்டி நின்ற தடுப்பாளர் அரை அடி விலகி நிற்பார். காலை நீட்டிப் பந்தைப் பறிக்கத் தயங்குவார். எதிரணிப் பயிற்சியாளர் இதற்காகவே காத்திருந்தது போல, எதிராளியைத் தனியாக எதிர்கொண்டு தாண்டிச் செல்லும் திறமை கொண்ட வீராங்கனையை உடனே உள்ளே அனுப்புவார். ஒரு பாதியின் 12-ஆவது நிமிடத்திலேயே ஐந்து ஃபவுல்களைச் செய்துவிட்ட அணி, அந்தப் பாதியில் மீதமுள்ள 8 நிமிடங்களைக் கைகளைக் கட்டிக்கொண்டு ஆடுகிறது எனலாம். ஒரு தாளில் இரு அணிகளுக்கும் தனித்தனிக் கட்டம் போட்டு ஃபவுல்களையும், பாதிக்கு ஒன்று வீதம் அனுமதிக்கப்படும் ஒரு நிமிட டைம் அவுட்டையும் குறித்துக்கொண்டு பாருங்கள். ஓரிரு ஆட்டங்களுக்குள் பயிற்சியாளர் அடுத்து என்ன செய்வார் என்று நீங்களே ஊகிக்கத் தொடங்குவீர்கள்.

மூன்றாவது பெஞ்ச். மாற்றங்களுக்கு எண்ணிக்கை வரம்பில்லை. ஆட்டத்தை நிறுத்தவும் தேவையில்லை. வெளியேறுபவர் தன் பெஞ்சுக்கு முன்னுள்ள மாற்றுப் பகுதி வழியாக வெளியே வந்ததும், உள்ளே போகிறவர் அதே இடத்தில் நுழைவார். பெரிய அணிகள் நால்வரை ஒரு தொகுதியாகப் பழக்கி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றும். முதல் ஐந்து நிமிடங்களில் யார் யாரோடு சேர்ந்து ஆடுகிறார்கள் என்பதைச் சட்டை எண்களால் குறித்துக்கொள்ளுங்கள். ஓரிரு நாள் இடைவெளியில் அடுத்தடுத்து ஆட வேண்டிய தொடர்களில், இரண்டாம் தொகுதி முதல் தொகுதிக்கு நிகராக ஆடும் அணியே கடைசிவரை தாக்குப்பிடிக்கும். ஒரு அணி ஆறு பேரை மட்டுமே மாற்றி மாற்றி ஆடுகிறதென்றால், பயிற்சியாளருக்குத் தன் மற்ற வீராங்கனைகள் மேல் இன்னும் நம்பிக்கை வரவில்லை என்று பொருள்கொள்ளலாம்.

இவை பழகிய பிறகு அணியின் அமைப்பைப் பாருங்கள். எதிரணிக் கோலுக்கு அருகில் முதுகைக் காட்டி ஒருவர் நின்றால் அவர் பிவோ. அது 3-1 அமைப்பு. அவருக்கு நேரே பின்னால், தற்காப்பின் அச்சாக நிற்பவர் ஃபிக்ஸோ. இரு ஓரங்களிலும் ஆடுபவர்கள் ஆலாக்கள். யாரும் முன்னே நிற்காமல் நால்வரும் ஏறக்குறைய ஒரே வரிசையில் இடம் மாறிக்கொண்டே இருந்தால் அது 4-0. எதிராளியை வெளியே இழுத்து அவர் முதுகுக்குப் பின்னால் ஓடுவதே அதன் நோக்கம். பிவோவின் காலுக்குப் பந்து போகும்போது, அவரை விட்டுவிட்டு மறுபுறத்து ஆலாவைப் பாருங்கள். பிவோ பந்தை அடிப்பாதத்தால் அழுத்திப் பிடித்திருக்கும் அந்த ஒரு விநாடிக்குள், ஆலா தொலைவிலுள்ள கோல் கம்பத்தை நோக்கி ஓடத் தொடங்கியிருப்பார். ஃபுட்சாலில் ஏராளமான கோல்கள் அந்தத் தொலைக் கம்பத்தருகே வெறும் தொடுதலாக முடிகின்றன. எளிதான கோல் போலத் தோன்றும் அதன் உழைப்பெல்லாம் அந்த ஓட்டத்தில் இருக்கிறது. 2014 முதல் 2021 வரை தொடர்ந்து எட்டு முறை உலகின் சிறந்த வீராங்கனையாகத் தேர்வான பிரேசிலின் அமாண்டின்யா ஓர் ஆலா. அவரது ஆட்டப் பதிவு கிடைத்தால், ஒரு பாதி முழுவதும் பந்தை மறந்து அவரை மட்டும் பின்தொடருங்கள்.

சிவப்பு அட்டை விழுந்தால் வெளியேற்றப்பட்டவர் திரும்ப முடியாது. ஆனால் 2 நிமிடம் கழிந்ததும், அல்லது அதற்குள் எதிரணி கோல் அடித்துவிட்டால் அப்போதே, வேறொருவர் உள்ளே வரலாம்.

கடைசி ஐந்து நிமிடங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். பின்தங்கிய அணியின் பெஞ்சில் ஒரு வீராங்கனை கோல்கீப்பரின் நிறத்தில், ஆனால் தன் சொந்த எண் கொண்ட சட்டையை அணியத் தொடங்குவார். கேமரா அதைப் பெரும்பாலும் காட்டிவிடும். தன் அணியிடம் பந்து வந்ததும் கோல்கீப்பர் ஓடிவந்து வெளியேற, இவர் உள்ளே நுழைந்து ஐந்தாவது தாக்குதல் வீராங்கனையாவார். கோல்கீப்பர் தன் பாதியில் ஒருமுறை ஆடிய பந்தை, இடையில் எதிரணி தொடாவிட்டால், அதே பாதியில் மறுபடி வாங்கக் கூடாது. எதிரணியின் பாதியில் அந்தத் தடை இல்லை என்பதால் இவர் அங்கேயே நிலைகொள்வார். பின்னால் இருவர், நடுவில் ஒருவர், இரு கம்பங்களுக்கும் நெருக்கமாக இருவர் என நின்று பந்தை இடமும் வலமுமாகச் சுற்றவிடுவார்கள். தடுக்கும் நால்வரும் ஒரு சதுரமாக நகர்ந்துகொண்டே இருப்பார்கள். ஐந்தாறு பாஸ்களுக்குப் பின் அந்தச் சதுரத்தின் ஒரு மூலை அரை விநாடி தாமதித்தால், பந்து குறுக்கே தொலைக் கம்பத்துக்குப் போய்விடும். இடையில் பந்து பறிபோனால் காலியாக இருக்கும் கோலுக்குள் பாதி ஆடுகளத்திலிருந்தே அடித்துவிடலாம். கோல் விழுந்ததா என்பதை மட்டும் வைத்து இந்த முடிவை மதிப்பிடாதீர்கள். எத்தனை நிமிடம் மீதியிருக்கையில் பயிற்சியாளர் துணிந்தார் என்பதைக் குறித்து வையுங்கள். அவருடைய குணம் அதில் தெரியும். முன்னிலையில் இருக்கும் அணியும் சில வேளை பந்தைத் தக்கவைப்பதற்காக இதையே செய்வதுண்டு.

தொடரின் கட்டமைப்பையும் அறிந்துகொள்ளுங்கள். 2025 உலகக் கோப்பையில் நான்கு அணிகள் கொண்ட நான்கு பிரிவுகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிகள் காலிறுதிக்குச் சென்றன. புள்ளிகள் சமமானால், கோல் வித்தியாசத்தை முதலில் பார்ப்பதா, அந்த அணிகள் தமக்குள் மோதிய முடிவைப் பார்ப்பதா என்பது தொடருக்குத் தொடர் மாறும் என்பதால், அந்தந்தத் தொடரின் விதிமுறையைக் கடைசிப் பிரிவு ஆட்டத்துக்கு முன் படித்துவிடுங்கள். அது தெரியாவிட்டால், ஐந்து கோல் முன்னிலையில் இருக்கும் அணி ஏன் இன்னும் கோல் தேடி ஓடுகிறது என்பது புரியாது. நாக் அவுட் ஆட்டம் சமனில் முடிந்தால் பொதுவாகத் தலா 5 நிமிடம் கொண்ட இரண்டு கூடுதல் பாதிகளும், அதன் பின்னும் சமன் என்றால் அணிக்கு ஐந்து வீதம் 6 மீட்டர் தொலைவிலிருந்து பெனால்டி உதைகளும் வரும்.

முழு ஆட்டப் பதிவுகளைப் பல கூட்டமைப்புகள் யூடியூபில் வைத்திருக்கின்றன. கோல் தொகுப்பை மட்டும் பார்ப்பதைவிட, ஒவ்வொரு கோலுக்கும் இருபது விநாடி முன்னதாகப் பதிவை நிறுத்தி, அப்போது ஃபவுல் கணக்கு என்ன, எந்தத் தொகுதி களத்தில் இருக்கிறது, மறுபுறத்து ஆலா எங்கே நிற்கிறார் என்று பார்த்துவிட்டு, பிறகு ஓடவிடுங்கள்.