பாலக்காட்டு எல்லையில் புது பைக் எடுக்கிறீர்களா? விலையையும் லோனையும் இப்படிப் பேசுங்கள்

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கம் இருக்கிற நமக்குப் புது வண்டி பார்க்க இரண்டு திசை இருக்கிறது. ஒரு பக்கம் சித்தூர், பாலக்காடு. இன்னொரு பக்கம் பொள்ளாச்சி, கோயம்புத்தூர். பெரும்பாலும் என்ன நடக்கிறது என்றால், இரண்டு பக்கமும் ஆன்ரோடு விலை, அதாவது சாலை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்த மொத்த விலை எவ்வளவு என்று ஒரே ஒரு தொகையைக் கேட்டுக்கொண்டு வந்து, எது கம்மியோ அங்கே போய் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். அந்த ஒப்பீடே தப்பு. ஆன்ரோடு தொகைக்குள் சாலை வரி இருக்கிறது, அது மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஒரு லட்சம் வரை விலையுள்ள பைக்குக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். கேரளாவுக்குத் தனிக் கணக்கு. உங்கள் ஆதாரும் ரேஷன் கார்டும் சித்தூர் தாலுகா முகவரியில் இருந்தால் வண்டி கேரளாவில்தான் பதிவாக வேண்டும், வரியும் அங்கேதான் கட்ட வேண்டும். பொள்ளாச்சி ஷோரூம்காரர் உங்களுக்குத் தற்காலிகப் பதிவு போட்டுத்தான் வண்டியைத் தர முடியும், கேஎல் 70 நம்பருக்கு சித்தூர் ஆர்டிஓ ஆபீஸ் வேலையை நீங்களே முடிக்க வேண்டும். ஆக, அவர் சொன்ன ஆன்ரோடு விலை உங்களுக்கான விலையே இல்லை.

பொள்ளாச்சியில் இருக்கிற மாமா முகவரியில் டிஎன் 41 நம்பர் வாங்கிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 47-வது பிரிவின்படி வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்து ஓட்டினால் இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். இன்சூரன்ஸ், லோன், அபராதக் கடிதம் எல்லாம் மாமா வீட்டுக்குப் போகும். ஒரு விபத்து நடந்து கிளெய்ம் கேட்கும்போது முகவரி, உரிமையாளர் பற்றி வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லி மாளாது.

அப்படியானால் பொள்ளாச்சிக்குப் போகவே வேண்டாமா? போங்கள், ஆனால் மொத்தத் தொகையை ஒப்பிடாமல் அதற்குள் இருக்கிற ஒவ்வொரு இனத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டு பக்கமும் கொட்டேஷனை எழுத்தில், ஒவ்வொரு இனமும் தனித்தனியாக வாங்குங்கள். எக்ஸ் ஷோரூம் விலை (சாலை வரியும் இன்சூரன்ஸும் சேராத வண்டி விலை), இன்சூரன்ஸ், ஆக்சஸரீஸ், இதர கட்டணம், லோன் வட்டி இவை ஐந்தையும் எந்த ஊர்த் தாளோடும் நேராக வைத்துப் பார்க்கலாம். தாள் தராமல் வாயால் மட்டும் விலை சொல்கிற ஷோரூமில் பேரம் பேசுவதே வீண், எழுந்து வந்துவிடுங்கள்.

இனி கொட்டேஷனில் ஒவ்வொரு இனமாகப் பார்ப்போம். எக்ஸ் ஷோரூம் விலையைக் கம்பெனி வைக்கிறது, ஜிஎஸ்டி அதற்குள்ளேயே இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிக்கு அது 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, 350-க்கு மேல் 40 சதவீதம். எக்ஸ் ஷோரூம் விலையில் டீலர் கையில் பெரிய இடமில்லை, அதனால் இங்கே மல்லுக்கட்டி நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரே விதிவிலக்கு பழைய ஸ்டாக். போன வருஷம் தயாரான வண்டி ஜனவரியிலும் பிப்ரவரியிலும் ஷோரூமில் நின்றால் நீங்கள் தாராளமாக விலை குறைத்துக் கேட்கலாம், ஏனென்றால் நாளைக்கு விற்கப்போகும்போது வாங்குகிறவர் தயாரான வருஷத்தைத்தான் பார்ப்பார். தயாரான மாதமும் வருஷமும் ஷோரூம் தருகிற விற்பனைச் சான்றிதழில், அதாவது ஃபார்ம் 21-ல் இருக்கும். அதை டெலிவரி அன்றைக்குப் பார்த்து என்ன பயன்? பணம் கட்டுவதற்கு முன்பே உங்களுக்கு ஒதுக்குகிற வண்டியின் சேஸ் நம்பரையும் தயாரிப்பு மாதத்தையும் எழுதி வாங்குங்கள்.

பதிவுக் கட்டணம் என்று ஒரு இனம் இருக்கும், அதில் இரண்டாயிரம் மூவாயிரம் என்று போட்டிருந்தால் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். மத்திய அரசு விதியில் பைக் பதிவுக்கு 300 ரூபாய், லோன் போட்டால் ஆர்சியில் ஹைபாதிகேஷன், அதாவது வண்டி கடனில் இருக்கிறது என்ற குறிப்பு ஏற்ற 500, ஆர்சி கார்டுக்கு 200. சாலை வரிக்கு ஆன்லைன் ரசீது வரும், அதன் நகலைக் கேளுங்கள், கொட்டேஷனில் போட்ட தொகையும் ரசீதில் உள்ள தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை டீலரே மாட்டித் தர வேண்டும், அதற்குத் தனிக் காசு கிடையாது. பைக் வாங்கும்போது ஐஎஸ்ஐ தரமுள்ள ஹெல்மெட் ஒன்று கம்பெனி தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 138 சொல்கிறது. கேரளாவில் 2016 ஏப்ரல் முதல் ஹெல்மெட், நம்பர் பிளேட், கண்ணாடி, சேலை சக்கரத்தில் சிக்காமல் தடுக்கும் சாரி கார்டு, பின்னால் உட்காருபவருக்கான கைப்பிடி எல்லாமே காசு வாங்காமல் தர வேண்டும் என்று போக்குவரத்து ஆணையர் உத்தரவு இருக்கிறது. பாலக்காட்டுப் பக்கம் வாங்குகிறவர்கள் இதைக் கேட்க வெட்கப்படவே கூடாது. ஆக்சஸரீஸ் பட்டியலில் சாரி கார்டுக்கு விலை போட்டிருந்தால் அடித்துவிடச் சொல்லுங்கள். அப்புறம் ஹேண்ட்லிங் சார்ஜ். சட்டத்தில் அப்படி ஒரு கட்டணமே இல்லை. எதற்கு என்று கேட்டால் வண்டியைக் கொண்டுவந்த செலவு என்பார்கள், ஆனால் அது எக்ஸ் ஷோரூம் விலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. 'சேட்டா, இதைப் பில்லில் ஹேண்ட்லிங் என்றே எழுதி சீல் வைத்துக் கொடுங்கள்' என்று அமைதியாகக் கேட்டாலே பல இடங்களில் அந்த வரி காணாமல் போகும்.

நிஜமாகப் பேரம் பேச இடமுள்ள இனம் இன்சூரன்ஸ்தான். புது பைக்குக்கு ஐந்து வருஷ மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம், 2018 செப்டம்பரிலிருந்து அப்படி. அதன் விலையை அரசு தீர்மானிக்கிறது: 2022 ஜூனில் வந்த விகிதப்படி 75 முதல் 150 சிசி வரை 3,851 ரூபாய், 150 முதல் 350 வரை 7,365, அதற்கு மேல் 15,117, எல்லாவற்றுக்கும் மேலே ஜிஎஸ்டி. இதில் ஒரு ரூபாயும் குறையாது, பொள்ளாச்சியிலும் பாலக்காட்டிலும் ஒரே விலை. மிச்சமிருப்பது சொந்தச் சேதத்துக்கான ஒரு வருஷ பாலிசியும், ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் கிளெய்ம் தருவது) போன்ற கூடுதல் சேர்க்கைகளும். ஒரே வண்டிக்கு இந்தப் பகுதியில் கம்பெனிக்குக் கம்பெனி நல்ல வித்தியாசம் இருக்கும். ஷோரூமில்தான் இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும் என்று கட்டாயம் எதுவும் இல்லை. வெளியே ஒரு ஏஜென்டிடமோ ஆன்லைனிலோ அதே சேர்க்கைகளோடு விலை எடுத்து வைத்துக்கொண்டு, 'இந்த விலைக்குக் கொடுத்தால் இங்கேயே எடுத்துக்கிறேன்' என்று சொல்லுங்கள். ஷோரூமுக்கு இதில் கமிஷன் உண்டு, அதனால் இறங்கி வருவார்கள். 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பீடு உங்கள் பெயரில் ஏற்கெனவே இருந்தால் அதைக் காட்டி அந்தத் தொகையையும் கழிக்கலாம், வீட்டில் இரண்டாவது வண்டி எடுக்கிறவர்கள் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள். ஆக்சஸரீஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: லெக் கார்டு தவிர மற்றதெல்லாம் வெளியே பாதி விலைக்குக் கிடைக்கும், கோட்டிங் தேவையே இல்லை.

எப்போது போவது என்பதில் எல்லையோரத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் ஆடியும் மலையாளிகளின் கர்க்கடகமும் ஒரே மாதம். இரண்டு பக்கமும் புது வண்டி எடுக்கத் தயங்குகிற மாதம், அதனால் சித்தூரிலும் பொள்ளாச்சியிலும் ஒன்றுபோல ஷோரூம் வெறிச்சோடிக் கிடக்கும், மேனேஜரே வந்து பேசுவார். ஆவணி பிறந்தால் அங்கே சிங்ஙம், ஓணம் என்று கூட்டம் தொடங்கிவிடும், அப்போது பேரத்துக்கு இடம் குறைவு. சாஸ்திரம் பார்க்கிறவர்கள் ஆடிக் கடைசி வாரத்தில் விலையை எழுத்தில் முடித்து, டெலிவரியை ஆவணியில் ஒரு நல்ல நாளில் வைத்துக்கொள்ளலாம். ஓணத்துக்குக் கம்பெனி ஆஃபர் வந்தால் அதையும் சேர்த்துத் தர வேண்டும் என்று புக்கிங் தாளிலேயே ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

பேச்சு எப்படி ஆரம்பிக்கும் தெரியுமா? உட்கார்ந்ததும் 'மாசம் எவ்வளவு கட்ட முடியும்ங்க?' என்பார்கள். இதற்குப் பதில் சொல்லாதீர்கள். மாசத் தொகை தெரிந்துவிட்டால் வருஷத்தை நீட்டி எந்த விலையையும் அதற்குள் அடக்கிவிடலாம். 'வண்டி விலையை முதல்ல முடிச்சுக்கலாம்ங்ணா, லோன் அப்புறம்' என்று மட்டும் சொல்லுங்கள். ரொக்கமா லோனா என்பதையும் அந்த நேரத்தில் சொல்ல வேண்டாம். ரொக்கம் என்றால் விலை குறையும் என்று பெரியவர்கள் நம்புகிறார்கள், ஆனால் இன்றைக்கு லோன் போட்டால் ஷோரூமுக்கு ஃபைனான்ஸ் கம்பெனி கமிஷன் தருகிறது, அதனால் லோன்காரருக்குக் கொடுக்கிற தள்ளுபடியை ரொக்கக்காரருக்குக் கொடுக்க மனம் வராது. விலை எழுத்தில் வந்தபிறகு, இந்தத் தள்ளுபடி லோன் இல்லாவிட்டாலும் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

லோனில்தான் நம் ஆட்கள் அதிகமாகப் பணத்தை விடுகிறார்கள், எனக்கு மனசு கஷ்டமாக இருப்பதும் இந்த இடத்தில்தான். தென்னந்தோப்பு வேலைக்கும் பால் சொசைட்டிக்கும் ஓடி ஓடிச் சேர்க்கிற காசு இது. 'பத்து சதவீதம்தான் வட்டி' என்று சொன்னால், பிளாட்டா (கடைசி வரை முழுக் கடனுக்கும் வட்டி), குறையும் வட்டியா (மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி) என்று உடனே கேளுங்கள். ஒரு லட்சம், 36 மாதம், பிளாட் 10 சதவீதம் என்றால் மொத்த வட்டி 30,000, மாத டியூ 3,611. இரண்டு வருஷம் கட்டி முடித்தபின் உங்கள் அசல் பாக்கி நாற்பதாயிரத்துக்கும் கீழே வந்திருக்கும், ஆனால் வட்டியை அப்போதும் முழு ஒரு லட்சத்துக்கே போட்டிருக்கிறார்கள். குறையும் வட்டிக் கணக்கில் பார்த்தால் இது கிட்டத்தட்ட 18 சதவீதம். அதே ஒரு லட்சத்தை உங்கள் பேங்க் 12 சதவீதம் குறையும் வட்டியில் கொடுத்தால் மாதம் 3,321, மொத்த வட்டி 19,600 அருகில். கேட்கும்போது 10 சின்னதாகவும் 12 பெரியதாகவும் தெரிகிறது, ஆனால் பத்தாயிரத்துக்கு மேல் கையில் மிச்சமாவது 12-ல்தான். அதே பேங்க் லோனை 24 மாதத்தில் முடித்தால் டியூ 4,707 ஆகும், வட்டி 13,000-க்குள் நிற்கும். முடிந்தவர்கள் இரண்டு வருஷமே போடுங்கள். இரண்டு டியூ அட்வான்ஸ் கேட்டால் அதையும் கணக்கில் எடுங்கள், உங்களுக்கு உண்மையில் கிடைப்பது 92,778 ரூபாய்தான், வட்டி மட்டும் ஒரு லட்சத்துக்கு.

இந்தக் கணக்கையெல்லாம் நீங்களே போட வேண்டியதில்லை. 2024 அக்டோபர் 1 முதல் பேங்கும் ஃபைனான்ஸ் கம்பெனியும் தனிநபர் கடன் எதற்கும் கேஎஃப்எஸ் என்கிற முக்கிய விவரத் தாள் தர வேண்டும் என்பது ரிசர்வ் பேங்க் உத்தரவு. எல்லாக் கட்டணத்தையும் சேர்த்த உண்மையான வருஷ வட்டி அதில் ஏபிஆர் என்று போட்டிருக்கும், இரண்டு இடத்துத் தாளை வைத்து அந்த ஒரு எண்ணை ஒப்பிட்டால் போதும். அந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை உங்கள் சம்மதம் இல்லாமல் பின்னால் வாங்க முடியாது. குறைந்தது மூன்று வேலை நாள் அது செல்லும், அதனால் 'இன்னைக்கே கையெழுத்துப் போட்டால்தான்' என்ற அவசரத்துக்கு மடங்க வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள். இன்னொன்று, கடன் வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் இருக்கிறது. மலையாளமும் இங்கிலீஷும் படிக்கத் தெரியாத நம் வீட்டுப் பெரியவர்கள் பாலக்காட்டில் உட்கார்ந்து தமிழில் கேட்பது அவர்கள் உரிமை, இதை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

ஷோரூமுக்குப் போகும் முன்பே கணக்கு இருக்கிற பேங்கிலோ கூட்டுறவு பேங்கிலோ ஒரு விலை கேட்டுவிடுங்கள், கையில் அது இருந்தால் ஃபைனான்ஸ்காரரே வட்டியைக் குறைப்பார். கிரெடிட் ஸ்கோர் அறிக்கையை வருஷத்துக்கு ஒரு முறை இலவசமாக எடுக்கலாம், 750-க்கு மேல் இருந்தால் அதைச் சொல்லியே பேசலாம். ஆனால் நாலைந்து கம்பெனியில் ஒரே வாரத்தில் விண்ணப்பம் போட விடாதீர்கள், ஒவ்வொன்றும் ஸ்கோரில் பதிவாகும். கேரள அரசு நிறுவனமான கேஎஸ்எஃப்இ-யில் சிட்டி, அதாவது சீட்டு ஓடிக்கொண்டிருந்தால் அதை எடுப்பதும் ஒரு வழிதான், ஏலத்தில் தள்ளுகிற தொகையை வட்டியாக வைத்துக் கணக்குப் பாருங்கள். நகை அடகில் வட்டி குறைவாகக் கிடைக்கலாம், ஆனால் மாத வருமானம் நிச்சயமில்லாதவர்கள் பைக்குக்காகத் தாலிக்கொடியை வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

கையெழுத்துப் போடும்போது வெற்றுத் தாளில் போடாதீர்கள், முக்கியமாக உரிமை மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 காலியாக இருந்தால் மறுத்துவிடுங்கள். லோன் இன்சூரன்ஸ் என்று தொகை சேர்த்திருந்தால் வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுப்பது நீங்கள். செக் பவுன்ஸ் ஆனால் எவ்வளவு, முன்கூட்டியே முடித்தால் எவ்வளவு என்ற இரண்டையும் படித்துவிடுங்கள், பைக் லோன் பெரும்பாலும் நிலையான வட்டி என்பதால் முன்கூட்டி முடிக்கக் கட்டணம் இருக்கும். சண்டை வந்தால் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் பேங்க் ஒம்பட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர் இருக்கிறார், விவரத்துக்கு 14448. ஷோரூம் சம்பந்தப்பட்டதற்கு நுகர்வோர் உதவி எண் 1915.

கடைசி டியூ கட்டியதும் வேலை முடியவில்லை. ஃபைனான்ஸ் கம்பெனியிடம் ஆட்சேபனை இல்லை என்கிற என்ஓசி கடிதமும் கையெழுத்திட்ட ஃபார்ம் 35-ம் வாங்கி ஆர்டிஓவில் கொடுத்து ஆர்சியில் இருக்கும் ஹைபாதிகேஷனை நீக்க வேண்டும், இன்சூரன்ஸ் பாலிசியிலும் அவர்கள் பெயரை எடுக்க வேண்டும். இரண்டு மாதம் கழித்து ஸ்கோர் அறிக்கையை எடுத்து அந்த லோன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.