மல்டிபிளேயர் கேம் பண்ணப் போறீங்களா, இதுலல்லாம் மாட்டிக்காதீங்க

கேம் டெவலப்மென்ட் இப்பதான் கத்துக்க ஆரம்பிச்ச பசங்ககிட்ட என்னடா பண்ணப் போறீங்கன்னு கேட்டா, "ஓப்பன் வேர்ல்டுண்ணே, ஒரே மேப்ல நூறு பேரு, காரு, கன்னு, கிளான் எல்லாம் இருக்கும்"னு சொல்லுவாங்க. டீம்ல எத்தனை பேருடான்னா "நானும் என் ஃபிரெண்டும்".

ஆசைப்படலாம், ஆனா கணக்கு இடிக்குது. ஒருத்தன் நகர்றது மத்த எல்லாருக்கும் போய்ச் சேரணும்ல, அப்படின்னா 10 பேருக்கு 90 அப்டேட், 100 பேருக்கு 9,900, அதையே செகண்டுக்கு 20 தடவை அனுப்பினா கிட்டத்தட்ட ரெண்டு லட்சம். ஆளு பத்து மடங்கு, வேலை 110 மடங்கு. 2018ல அமங் அஸ்ங்கிற கேம் வந்தப்போ அதைப் பண்ணவங்க மூணே பேரு, ரூமுக்கு அதிகபட்சம் பத்து பேருதான் ஆட முடியும், அது 2020ல என்ன ஆட்டம் ஆடுச்சுன்னு தெரியும்ல. முதல் கேமுக்கு ஆடுறவங்க ரெண்டு பேரு போதும். ஆடுபுலி ஆட்டத்தை ஆன்லைன்ல கொண்டு வாங்க, மாத்தி மாத்தி ஆடுற கேம்ங்கிறதால லேக் (நெட் தாமதம்) பத்தி கவலையே இல்ல.

அடுத்தது, என்னைக் கேட்டா இதான் பெரிய தப்பு, "மொதல்ல சிங்கிள் பிளேயரா முடிச்சிடுறேன், மல்டிபிளேயர அப்புறமா சேத்துக்கலாம்". சேக்க முடியாதுங்க, திரும்ப எழுதத்தான் முடியும். சிங்கிள் பிளேயர்ல குண்டு பட்டா உயிர்ல பத்தைக் கழின்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிடுவீங்க, மல்டிபிளேயர்ல அந்தக் கழித்தலை எந்த மெஷின் பண்ணும், மத்தவங்களுக்கு யாரு சொல்லுவா, ரெண்டு மெஷினும் வேற வேற சொன்னா எது செல்லும்னு ஒவ்வொரு வரிக்கும் பதில் வேணும். கேம நிறுத்தி வைக்கிற பாஸ் பட்டன், ரேண்டம் நம்பர், கதவு திறக்கிறது வரைக்கும் இதே கதைதான். அதனால ஆர்ட், மெனு எதுவும் வேணாம், முதல் வாரமே ரெண்டு கம்ப்யூட்டர்ல, ஆளுக்கு ஒண்ணா ரெண்டு வெறும் சதுரம் நகரணும், அவ்ளோதான்.

பிளேயரோட மெஷின் சொல்றத அப்படியே நம்புறது இன்னொண்ணு. "என்கிட்ட இப்ப 5000 காயின் இருக்கு"ன்னு கிளையன்ட் (பிளேயர் மெஷின்ல ஓடுற கேம்) அனுப்ப, சர்வர் (எல்லாரையும் இணைக்கிற நடு மெஷின்) சரின்னு எழுதிக்கிட்டா, நாளைக்கே ஒருத்தன் 50 லட்சம்னு அனுப்புவான். "இந்தப் பெட்டியைத் திறக்கிறேன்"னு மட்டும்தான் கிளையன்ட் சொல்லணும், அவன் பெட்டி பக்கத்துல நிக்கிறானா, ஏற்கெனவே திறந்துட்டானா, உள்ள எவ்ளோன்னு பாக்குறது சர்வர் வேலை.

சரி, எல்லாத்துக்கும் சர்வரக் கேட்டா பட்டன் அழுத்தி அரை நொடி கழிச்சு ஆளு நகருமேன்னு கேப்பீங்க. 1996லயே குவேக்வேர்ல்டுங்கிற ஷூட்டிங் கேம்ல இதுக்கு வழி பண்ணிட்டாங்க, உங்க ஆளை உங்க ஸ்கிரீன்ல உடனே நகத்திடணும், சர்வர் பதில் வந்ததும் வித்தியாசம் இருந்தா திருத்திக்கணும். ஆனா தூரத்த ஒண்ணும் பண்ண முடியாது. ஃபைபர்ல வெளிச்சம் நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும், சென்னைல இருந்து அமெரிக்கா கிழக்குக்கரை 13,000 கிலோமீட்டருக்கு மேல, போய்ட்டு வரவே 130 மில்லிசெகண்ட் காலி, நிஜத்துல 200ஐத் தாண்டும். ஆடுறவங்க இங்க இருந்தா சர்வர மும்பைல வைங்க, வாடகைக்கு சர்வர் தர்ற கிளவுட்ல டீஃபால்ட்டா வர்ற ரீஜியன (சர்வர் இருக்கிற இடத்த) அப்படியே விட்டுடாதீங்க.

டெஸ்டிங்கும் அப்படித்தான், ஒரே லேப்டாப்ல ரெண்டு விண்டோ திறந்து ஆடிப் பாத்துட்டு சூப்பரா ஓடுதுன்னு முடிவு பண்றாங்க, அங்கதான் லேக்கே கிடையாதே! விண்டோஸ்ல கிளம்சி, லினக்ஸ்ல நெட்எம்னு நெட்டை வேணும்னே மோசமாக்கிக் காட்டுற ஃப்ரீ டூல் இருக்கு, 150 மில்லிசெகண்ட் லேட், 3 சதவீதம் பாக்கெட் லாஸ் (வழியில தொலையிற டேட்டா) போட்டு ஆடிப் பாருங்க, ஆளு எப்படி டெலிபோர்ட் ஆவுறான்னு தெரியும். பிளேயர் மெஷினையே சர்வரா வைக்கிற பிளான்னா இன்னொரு சிக்கல், மொபைல் நெட்ல நிறைய பேருக்கு சேத்து ஒரே பப்ளிக் ஐபி (நெட் அட்ரஸ்) தருவாங்க, போர்ட் ஃபார்வர்டிங் (வெளிய இருந்து வர்ற கனெக்ஷன நேரா உங்க மெஷினுக்குத் திருப்புறது) எடுபடாது, நடுவுல நின்னு கைமாத்தி விடுற ரிலே சர்வர் வேணும்.

கடைசியா காலி லாபி, அதாவது ஆட்டத்துக்கு ஆள் சேருற இடத்துல யாருமே இல்லாம இருக்கிறது. சோனியோட கான்கார்டுங்கிற மல்டிபிளேயர் கேம் 2024 ஆகஸ்ட் 23 ரிலீஸ், ஆடவே ஆளு வரல, செப்டம்பர் 6 சர்வர ஆஃப் பண்ணிட்டாங்க. அவ்ளோ காசு கொட்டியும் அந்த நிலைமைன்னா நமக்கு ரிலீஸ் அன்னிக்கு யாரு வருவா? இருபது செகண்டுல ஆள் கிடைக்கலன்னா பாட் (கம்ப்யூட்டரே ஆடுற ஆளு) இறக்கிடுங்க, வாட்ஸ்அப்ல அனுப்புற மாதிரி ரூம் கோடு குடுங்க, சனிக்கிழமை ராத்திரி 9 மணின்னு ஒரு நேரம் சொல்லி தெரிஞ்சவங்கள எல்லாம் ஒண்ணா உள்ள வரச் சொல்லுங்க.