வாடகை எலக்ட்ரிக் ஸ்கூட்டர்: என் காசு போன எடங்கள்

நேத்து மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு காலேஜ் பய வாடகை ஸ்கூட்டருக்கு ஸ்டாண்ட் போட்டு, சுவிட்ச ஆஃப் பண்ணிட்டு, செல்போனப் பைக்குள்ள சொருகிட்டு பைய நடந்து போறான். கூப்ட்டு, "தம்பி, ஆப்ல ரைடு முடிச்சியா?"ன்னேன். "அதான் வண்டி ஆஃப் ஆயிருச்சேண்ணே"ங்கிறான். மூணு வருசத்துக்கு முன்னாடி நானும் இப்படித்தான் திரிஞ்சேன். ஹெல்மெட் போடு, சார்ஜ் எவ்வளவு இருக்குன்னு பாருங்கிறதெல்லாம் உங்களுக்கே தெரியும், விடுங்க.

ரைட முடிக்காம போறது

வண்டி ஆஃப் ஆனாலும் வாடகை மீட்டர் ஆப்லதான் ஓடுது, ஆப்ல ரைட முடிச்சாத்தான் நிக்கும். இது புரிஞ்சப்பறமும் நான் ஒருக்கா மாட்டுனேன். கீழமாசி வீதிக்குப் பின்னாடி ஒரு சந்து, பார்க்கிங்னு ஆப் காட்டுன எடத்துலயேதான் நிக்கிறேன், முடிக்கிற பட்டன அமுக்குனா சுத்து சுத்துன்னு சுத்திட்டு "பார்க்கிங் எல்லைக்கு வெளிய இருக்கீங்க"ங்குது. ரெண்டு பக்கமும் மூணு மாடி, ஜிபிஎஸ் சிக்னல் செவுத்துல முட்டி வர்றதுல மேப்ல என் புள்ளி அடுத்த தெருவுல நிக்குது! கடுப்புல வண்டியப் பூட்டிட்டு, அப்பறம் பாத்துக்கலாம்னு மாமா வீட்டு விசேஷத்துக்குப் போயி கறிச்சோறு தின்னுட்டுத் தூங்கி எந்திரிச்சா 387 ரூவா. கஸ்டமர் கேர்ல போட்டோ இருக்கான்னு கேட்டாய்ங்க, எங்கிட்ட ஏது. இன்னும் வயிறு எரியுது.

சந்துக்குள்ள மக்கர் பண்ணுனா வானம் தெரியுற தெருமுனைக்கு உருட்டிட்டு வாங்க, அரை நிமிசம் நில்லுங்க, புள்ளி தானா நகந்து வரும், வந்ததும் அமுக்குங்க. பில்லு திரையில வர்ற வரைக்கும் நகராதீங்க. வண்டி நிக்கிற எடத்த ஒரு போட்டோ, பில்ல ஒரு ஸ்கிரீன்ஷாட்.

"இதுக்கு லைசென்ஸ் வேணாம்ணே"

இது எல்லா வண்டிக்கும் பொருந்தாது. மோட்டார் 250 வாட்டுக்குக் கீழ, வேகம் 25 கிலோமீட்டருக்குக் கீழ, பேட்டரி இல்லாம எடை 60 கிலோவுக்குள்ள இருந்தாத்தான் லைசென்ஸும் ரிஜிஸ்ட்ரேசனும் வேணாம். நம்பர் பிளேட் இருக்குற வண்டின்னா லைசென்ஸ் எடுத்துட்டுப் போங்க.

சித்திரைத் திருவிழா

அழகர் வர்ற நாள்ல தல்லாகுளம், கோரிப்பாளையம் பக்கம் இத எடுக்கவே எடுக்காதீங்க. அவரு மண்டகப்படிக்கு மண்டகப்படி (சாமி தங்கிப் போற பந்தல்) நின்னுதான் வருவாரு, கூட்டத்துல நீங்களும் நிக்கணும், ஆனா நிமிசக் கணக்கு மீட்டர் நிக்காது.

மழை

மணிநகரம் சுரங்கப்பாதையில தண்ணி நின்னா எறங்காத. சுத்திப் போ.