கார்புரேட்டர் காது உடைஞ்சுருச்சா? அவசரப்பட்டு இதெல்லாம் பண்ணிடாதீங்க

எங்க வீட்ல நிக்கிற பிரீமியர் பத்மினி, அதே 1089 சிசி இன்ஜின், அதோட ஸோலெக்ஸ் கார்புரேட்டரை (பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற பாகம்) சர்வீஸ் பண்ணலாம்னு ஒருநாள் கழட்டி உக்காந்தேன். மேல்மூடி வரவே இல்ல, சரி மூடிக்கும் பாடிக்கும் நடுவுல இருக்கற பேக்கிங் ஒட்டிக்கிச்சு போலனு நெனச்சு திருப்புளியை இடுக்குல விட்டு ஒரு நெம்பு நெம்புனேன், டக்குனு சத்தம், மூடியில ஸ்க்ரூ போற காது தனியா கையில வந்துருச்சு. அப்புறம் மண்ணெண்ணெய் ஊத்தி பிரஷ் போட்டு தேய்ச்சப்பதான் தெரியுது, எண்ணெய் அழுக்குக்குள்ள ஒரு ஸ்க்ரூ தலை மறைஞ்சு கழட்டாமலே இருந்திருக்கு. அதனால மொத தவறு இதுதான், கழுவாம கழட்டுறது. நல்லா கழுவிட்டு ஸ்க்ரூ எல்லாத்தையும் எண்ணி எடுத்துட்டு, அப்பவும் வரலனா மரக்கட்டையால பக்கவாட்டுல லேசா தட்டுங்க, பேக்கிங் தானா விட்டுக்கொடுக்கும், நெம்பவே கூடாது.

ஆனா உடைஞ்சது கூட பெரிய விஷயம் இல்லங்க, உடைஞ்சப்புறம் பதட்டத்துல நாம பண்ற வைத்தியம்தான் பல கார்புரேட்டரை குப்பைக்கு அனுப்புது. உடைஞ்ச துண்டை பத்திரமா ஒரு டப்பால போட்டு மூடி வைங்க. உடைஞ்ச முகத்தை அரம் போட்டு தேய்ச்சு சமமாக்காதீங்க, அந்த சொரசொரப்பு இருக்குல்ல, அதுதான் துண்டை மயிரிழை பிசகாம பழைய இடத்துல உக்கார வைக்கும், உடைஞ்ச சாஸரை சேர்த்து வெச்சு பாருங்க புரியும்.

அடுத்து ஃபெவிக்விக். எல்லார் கையும் மொதல்ல அதுக்குத்தான் போகும், எனக்கும் போச்சு, நல்லவேளை டியூப் காஞ்சு கெடந்துச்சு. அது அப்போதைக்கு புடிக்கும், சூடும் அதிர்வும் பட்டா விட்டுரும், அப்புறம் வேற எந்த பசையும் அந்த எடத்துல சரியா ஒட்டாது. எம்சீலும் வேண்டாம், தண்ணி பைப்புக்கு சரி, பெட்ரோல்லயே ஊறுற எடத்துக்கு அதை நம்ப முடியாது.

வெல்டிங் பட்டறைக்கு எடுத்துட்டு போறவங்களுக்கு ஒரு வார்த்தை. பார்க்க அலுமினியம் மாதிரி இருந்தாலும் பழைய கார்புரேட்டர் பாடி நெறைய ஜிங்க் கலவை வார்ப்புதான். அலுமினியம் உருக 660 டிகிரி வேணும், இந்த ஜிங்க் கலவை 400 டிகிரிக்கு உள்ளயே உருகிடும். பட்டறைக்காரர் அலுமினியம்னு நெனச்சு சூடு காட்டினா செவக்கறதுக்கு முன்னாடியே, எந்த அறிகுறியும் இல்லாம பொத்துனு கீழ வழிஞ்சிரும். எனக்கு தெரிஞ்ச ஒருத்தரோட பாடி அப்படித்தான் பாதி ஓட்டையாகி வந்துச்சு, அவர் அதை துணியில சுத்தி எடுத்துட்டு வந்து காட்டினப்போ மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருந்துச்சு.

நான் பண்ணினது, ஸ்டீல் தூள் கலந்த ரெண்டு டியூப் எபாக்ஸி. ஆனா காதுக்கு பசை மட்டும் பத்தாது, ஸ்க்ரூ முறுக்குற இழுவை முழுக்க அது மேலதான் விழும். அதனால 1 மிமீ பித்தளை தகடை சின்ன பட்டியா வெட்டி, காதுலயும் மூடிலயும் சேர்ந்து படியற மாதிரி மேல் பக்கமா ஒட்டினேன். அடிப்பக்கம் ஒட்டிடாதீங்க, அங்க பேக்கிங் சமமா உக்காரணும். ஒட்டுறதுக்கு முன்னாடி தின்னர் போட்டு ரெண்டு மூணு தடவை துடைக்கணும், பக்கத்துல இருக்கற காத்து ஓட்டை, பெட்ரோல் ஓட்டை எல்லாத்துக்கும் மெழுகு அடைச்சிடணும், ஸ்க்ரூ மரையில கிரீஸ் தடவிக்கணும், மூடிக்கும் பாடிக்கும் நடுவுல பிளாஸ்டிக் ஷீட் வெச்சு அதே எடத்துலயே லேசா இறுக்கி 24 மணி நேரம் தொடாம விடணும். 4 மணி நேரத்துல கல்லு மாதிரி ஆயிடும், ஆனா அப்போ இறுக்கினா போச்சு. தகடு சேர்ந்ததால ஸ்க்ரூ பழசை விட 1 மிமீ கூடுதல் நீளமா வேணும், அதுக்காக ரொம்ப நீளமா போட்டா ஓட்டைக்கு அடியில முட்டி பாடி கீறிடும்.

ஸ்க்ரூவோ ஜெட்டோ (பெட்ரோலை அளவா விடற சின்ன துவாரம் உள்ள திருகு) உள்ளயே முறிஞ்சிட்டா எக்ஸ்ட்ராக்டர், அதான் முறிஞ்ச ஸ்க்ரூவை வெளிய எடுக்கற கருவி, அதை போட்டு பலமா திருகாதீங்க. அது கடினமான ஸ்டீல், உள்ள முறிஞ்சா டிரில்லே ஏறாது, பித்தளைத் துண்டோட இருந்த பிரச்சனை நாலு மடங்காயிடும். ஜெட் பித்தளைதான், மெத்துனு இருக்கும், நாலு பட்டையா கூரா தேய்ச்ச பழைய அரம் ஒண்ணை மெதுவா தட்டி உள்ள கடிக்க விட்டு திருப்பினா பெரும்பாலும் வந்துரும். ஜெட்ல திருப்புளி போற வாய் உடையறதுக்கு காரணமே ஒல்லியான திருப்புளிதான், வாய்க்கு சரியா பொருந்துற மாதிரி ஒண்ணை தேய்ச்சு வெச்சுக்குங்க. அடைப்பு எடுக்க கம்பி விடவே விடாதீங்க, ஸோலெக்ஸ் ஜெட்ல 120னு போட்டிருந்தா துவாரம் 1.20 மிமீனு அர்த்தம், கம்பி ஒரு கீறு போட்டாலே கணக்கு மாறிடும், காத்து அடிச்சா போதும்.

உள்ள பெட்ரோல் மட்டத்தை சரியா வெச்சுக்கற பித்தளை ஃப்ளோட் (மிதவை) ஓட்டையானா ஈயம் வெச்சு அடைக்கலாம், ஆனா மிதவைக்குள்ள பெட்ரோல் இருக்கும்போது சூடு வெச்சா வெடிக்கும், விளையாட்டு இல்ல. சுடுதண்ணில முக்கினா ஓட்டையில குமிழி வரும், பெட்ரோலை முழுக்க வெளிய எடுத்து நல்லா காய விட்டு அப்புறம் வெய்யுங்க, ஈயம் கம்மியா. ஃப்ளோட் கனமானா பெட்ரோல் மட்டம் ஏறி வழியும்.

மூடி வளைஞ்சிருந்தா ரெண்டு பேக்கிங் போடறதும், கேஸ்கட் பேஸ்ட் அப்பறதும் வேண்டாம், பிதுங்கின பேஸ்ட் ஜெட்லதான் போய் நிக்கும். கண்ணாடி மேல உப்புத்தாள் விரிச்சு எட்டு போடற மாதிரி மெதுவா தேய்ச்சு சமமாக்குங்க.

எல்லாம் பூட்டினதும் நேரா காருக்கு போகாதீங்க. வெளிய, நெருப்பு எதுவும் பக்கத்துல இல்லாத எடத்துல, பழைய நியூஸ்பேப்பர் விரிச்சு கார்புரேட்டரை நேரா நிக்க வெச்சு ஃப்ளோட் சேம்பர்ல பெட்ரோல் ஊத்தி ராத்திரி முழுக்க விடுங்க. காலைல பேப்பரை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்தேன், கறையே இல்ல, அப்புறம்தான் வண்டியில ஏத்தினேன்.