பழைய ராணுவ பிக்கப்தான் முதல் வண்டியா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பழைய ராணுவ பிக்கப் ஒன்றைச் சரிசெய்து முதல் வண்டியாக ஓட்ட ஆசைப்படுவதில் தப்பில்லை. பாகங்கள் தடிமனானவை, கழற்றி மாட்ட இடம் தாராளம், கம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. ஆனால் எதை முதலில் செய்வது என்பதில்தான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். எஞ்சின் சத்தம் கேட்க வேண்டும் என்ற அவசரத்தில் பணமும் பொறுமையும் அங்கேயே கரைந்துபோக, பிரேக்கும் ஸ்டியரிங்கும் ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ கணக்கில் போய்விடும்.

அதிகம் அடிபடும் மூன்று அமெரிக்க மாடல்களை வைத்தே பேசலாம்: டாட்ஜ் எம்37 (1951–1968), கைசர் ஜீப் எம்715 (1967–1969), ஷெவர்லே எம்1008 (1984–1987). மற்ற நாட்டு ராணுவ வண்டிகளுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

வண்டி எதற்காகச் செய்யப்பட்டது என்று பார்க்காமல் வாங்குவது

எம்37 காலி வண்டியே ஏறக்குறைய 2.6 டன். அதை இழுப்பது 3.8 லிட்டர், 78 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின். ஆக்ஸில் விகிதம் 5.83, அதாவது வீல் ஒருமுறை சுற்ற புரொப்பெல்லர் ஷாஃப்ட் 5.83 முறை சுற்ற வேண்டும். மணிக்கு 88 கி.மீ. வேகத்திலேயே எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,200 சுற்று சுற்றும். பிஸ்டன் ஓட்டம் 117 மி.மீ. நீளமுள்ள எஞ்சினுக்கு அது மூச்சிரைக்கும் வேகம். டேஷ்போர்டு தகட்டில் போட்டிருக்கும் உச்ச வேகமும் அதுதான்.

‘பெரிய எஞ்சின் மாற்றிவிட்டால் நெடுஞ்சாலையில் பறக்கலாம்’ என்று தொடங்குபவர்கள், அதன்பின் கியர்பாக்ஸ், ஆக்ஸில் கியர், ரேடியேட்டர், பிரேக் என்று ஒவ்வொன்றாக மாற்ற வேண்டிவந்து நடுவழியில் நின்றுபோகிறார்கள். தினமும் நெடுஞ்சாலையில் நெடுந்தூரம் போக வேண்டியவருக்கு எம்37 சரிவராது. மூன்றில் ஒன்றை முதல் வண்டியாகப் பரிந்துரைக்கச் சொன்னால் எம்1008தான். 6.2 லிட்டர் டீசல், ஆட்டோமேடிக் கியர், பவர் ஸ்டியரிங், முன்பக்கம் டிஸ்க் பிரேக் எல்லாம் இருக்கின்றன. அடிப்படையில் சாதாரண ஷெவர்லே பிக்கப் என்பதால் பாகங்களும் கிடைக்கும்.

வாங்கும் முன் பேப்பரையும் பாருங்கள். அமெரிக்க ராணுவம் கழித்துக்கட்டிய வண்டிக்கு எஸ்எஃப் 97 என்ற சான்றிதழ் தருவார்கள், முதல் பதிவுக்கு அதைத்தான் கேட்பார்கள். தகட்டிலும் சேஸிஸிலும் உள்ள எண்கள் பேப்பரோடு ஒத்துப்போகின்றனவா என்று வண்டி நிற்கும் இடத்திலேயே சரிபாருங்கள். பெயிண்ட் வேலைக்காகத் தகட்டைப் பிடுங்கித் தொலைத்தவர்கள் உண்டு.

ஒரே மூச்சில் முழுவண்டியையும் பிரித்துப்போடுவது

முதல் வாரத்திலேயே கேபின், பெட்டி, எஞ்சின் எல்லாம் தரையில் இறங்கிவிட்டால் அந்த வண்டி மீண்டும் ஒன்றுசேர்வது அபூர்வம். ஒரு நேரத்தில் ஒரு அமைப்பு மட்டும். பிரேக்கை முடித்த பிறகு ஸ்டியரிங், அதன்பின் வயரிங். கழற்றும் போல்ட்டைப் பையில் போட்டு எங்கிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள். கழற்றுமுன் நான்கு கோணத்தில் போட்டோ எடுங்கள்.

ராணுவ வண்டிக்கு உள்ள பெரிய வசதி அதன் கையேடு. எம்37-க்கு டிஎம் 9-8030, எம்1008-க்கு டிஎம் 9-2320-289 வரிசை. எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும், எந்த இடத்தில் எந்த கிரீஸ் என்பதுவரை படத்தோடு இருக்கும். அதைத் தேடி எடுக்காமல் ஸ்பேனரைக் கையில் எடுக்காதீர்கள்.

பிரேக்: ‘மிதித்தால் பிடிக்கிறதே’ என்று விட்டுவிடுவது

எம்37-இல் பிரேக் ஆயில் ஓடுவது ஒரே சுற்றில். நான்கு வீலில் ஏதாவது ஒரு இடத்தில் ஒழுகினாலும் நான்குக்கும் பிரேக் போய்விடும். ஹேண்ட் பிரேக் இருக்கிறதே என்றால், அது வீலில் இல்லை; டிரான்ஸ்ஃபர் கேஸின் (கியர்பாக்ஸ் சக்தியை முன், பின் ஆக்ஸிலுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைப் பிடிக்கிறது. நிறுத்தி வைக்கத்தான் அது. ஓடும்போது வெடுக்கென்று இழுத்தால் ஜாயின்ட் உடையலாம். எனவே இரண்டு சுற்று மாஸ்டர் சிலிண்டருக்கு (பெடல் மிதிப்பை ஆயில் அழுத்தமாக மாற்றும் பாகம்) மாற்றுவதுதான் இந்த வண்டிக்கு நீங்கள் செய்யும் முதல் செலவாக இருக்க வேண்டும். அசல் மாதிரியே இருக்க வேண்டும் என்ற பிடிவாதத்தை இந்த ஒரு இடத்தில் விட்டுக்கொடுங்கள்.

அடுத்தது பிரேக் ஆயில். அமெரிக்க ராணுவம் 1980களின் தொடக்கத்தில் சிலிக்கான் ஆயிலுக்கு, அதாவது டாட் 5-க்கு மாறியது. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் டாட் 3, டாட் 4, ஏன் டாட் 5.1-உம் கிளைக்கால் வகை. இரண்டும் ஒன்றோடொன்று சேராது. கலந்துவிட்டால் கூழ்போலத் திரிந்து ரப்பரையும் கெடுக்கும். இப்போது உள்ளே இருப்பது எது என்று தெரிய, சிறிது எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் தண்ணீரோடு குலுக்குங்கள். கரைந்தால் கிளைக்கால், தனியாகப் பிரிந்து நின்றால் சிலிக்கான். ஊதா நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், பழசானால் வெளுத்துவிடும். ஒரு வகையிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவதென்றால் லைனை ஆல்கஹால் விட்டுக் கழுவி, காயவைத்து, ரப்பர் பாகங்கள் அத்தனையையும் புதிதாகப் போட்ட பிறகே மாற வேண்டும். இன்னொரு விஷயம்: சிலிக்கான் ஆயில் தண்ணீரை உறிஞ்சாது. அதனால் உள்ளே போன தண்ணீர் வீல் சிலிண்டரின் அடியில் தேங்கி, அந்த ஒரே இடத்தில் துருப்பிடித்துக் குழி விழும். வெளியே பளபளவென்று இருக்கும் சிலிண்டரையும் பிரித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான்.

ரப்பர் ஹோஸ்களைப் பார்க்காமலே மாற்றிவிடுங்கள். மேலே வெடிப்பே இல்லாமல் உள்ளுக்குள் வீங்கி அடைத்துக்கொள்ளும். மிதிக்கும் அழுத்தத்துக்கு ஆயில் உள்ளே போகும், காலை எடுத்தால் திரும்பி வராது. ஒரு பக்கம் மட்டும் டிரம் சூடாகிறது, வண்டி ஒருபக்கம் இழுக்கிறது என்றால் ஷூவைக் குறைசொல்லுமுன் ஹோஸைச் சந்தேகப்படுங்கள். பெடலில் சில மில்லிமீட்டர் வெறும் ஆட்டம் இருக்க வேண்டும். ‘டைட்டாக இருந்தால் நல்லது’ என்று, பெடலையும் மாஸ்டர் சிலிண்டரையும் இணைக்கும் புஷ் ராடை நீட்டிவிட்டால் ஆயில் திரும்பிப் போகும் சிறு துவாரம் மூடியே கிடக்கும். பிறகு சூட்டில் ஆயில் விரிந்து, போகப்போக பிரேக் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. டிரம்முக்குள் காற்றடித்துத் தூசி தட்ட வேண்டாம், நனைத்துத் துடையுங்கள்.

வீலும் ரிம்மும்

உயிர் போகும் தவறுகள் இங்கேதான். இந்த வண்டிகள் பலவற்றில் ரிம் ஒரே துண்டு அல்ல. டயரைப் பிடித்துவைப்பது ஒரு லாக் ரிங். அது பள்ளத்தில் சரியாக உட்காராமல் காற்றடித்தால் குண்டுபோல் தெறித்து வரும். கூண்டுக்குள் வைத்து, நீளமான குழாய் மாட்டி, எட்டி நின்று காற்றடிக்கும் வசதி உள்ளவரிடம் மட்டும் கொடுங்கள். காற்று இருக்கும் ரிங்கைச் சுத்தியலால் தட்டிச் சரிசெய்வது கூடவே கூடாது.

இரண்டாம் உலகப்போர் காலத்து டாட்ஜ் டபிள்யூசி-51, 52 வண்டிகளில் ரிம்மின் இரண்டு பாதிகளும் போல்ட்டால் பிணைக்கப்பட்டவை. வீலைக் கழற்றும் நட் எது, ரிம்மைப் பிரிக்கும் நட் எது என்று தெரியாமல் காற்றோடு கழற்றினால் அவ்வளவுதான். எந்த வகையாக இருந்தாலும் சரி, வால்வின் உள்முள்ளைக் கழற்றிக் காற்றை முழுக்க இறக்கிவிட்டே கைவையுங்கள்.

எம்37-இன் இடப்பக்க வீல் நட்டுகள் எதிர்மரை. வழக்கம்போல இடமாகத் திருப்பினால் இறுகும். ‘துருப்பிடித்திருக்கிறது’ என்று நினைத்து ஸ்பேனரில் குழாயைச் செருகி ஏறி நின்று ஸ்டட்டை முறிப்பது இந்த வண்டியின் நித்திய கதை. ஸ்டட் முனையில் எல் எழுத்து பொறித்திருக்கிறதா என்று தேய்த்துப் பாருங்கள்.

டயரில் பட்டன் தேயாமல் நிறைய இருக்கிறது என்பது மட்டும் தகுதியல்ல. கிடங்கில் கிடந்த 9.00-16 ராணுவ டயர் புதுசுபோலவே தெரியும். பக்கவாட்டில் உள்ள தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். கடைசி நான்கு எண்கள் வாரமும் வருடமும். மூன்று எண்தான் இருக்கிறது என்றால் அது 2000-க்கு முந்தையது, கழற்றிப் போடுங்கள். முரட்டுக் கட்டை வைத்த பழைய மாதிரி டயர் ஈரச் சாலையில் வழுக்கும். புதிதாக ஓட்டுபவருக்குச் சாலைக்கான ரேடியல் டயரே நல்லது.

24 வோல்ட்டில் 12 வோல்ட் வேலை செய்வது

இரண்டு 12 வோல்ட் பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுக்கிறார்கள். ரேடியோவோ போன் சார்ஜரோ மாட்ட, ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் வயர் இழுப்பது எல்லோரும் செய்யும் குறுக்குவழி. அந்த பேட்டரி மட்டும் இறங்கிக்கொண்டே போகும். ஆல்டர்னேட்டருக்குத் தெரிவது மொத்த வோல்ட்தான், ஆகவே ஒன்று பட்டினி கிடக்க மற்றது அளவுக்கு மீறி சார்ஜ் ஆகிக் கொதிக்கும். 24-லிருந்து 12-க்கு இறக்கும் கன்வெர்ட்டர் ஒன்றை மாட்டினால் தீர்ந்தது. பேட்டரி மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஓடும்போது 28 வோல்ட்டை ஒட்டிக் காட்ட வேண்டும்.

எம்1008-இல் செல்ஃப் மட்டும் 24 வோல்ட், மற்றவை பெரும்பாலும் 12. இரண்டு ஆல்டர்னேட்டர்கள். பார்க்கச் சாதாரண மாடல்போல இருந்தாலும் அவற்றின் நெகட்டிவ் உடலோடு சேராமல் தனியாக இருக்கும். இரண்டாவது ஆல்டர்னேட்டர் இடத்தில் கடையில் கிடைத்ததை மாட்டினால் எஞ்சின் வழியாக பேட்டரி ஷார்ட் ஆகி வயரிங் எரியும்.

அந்த எஞ்சினின் எட்டு குளோ பிளக்குகளும் (குளிர்ந்த டீசல் எஞ்சினைக் கிளப்பச் சூடேற்றும் பிளக்) 12 வோல்ட் வகை. 24 வோல்ட்டை ரெசிஸ்டர் வழியாகக் குறைத்துக் கொடுக்கிறார்கள். எட்டில் இரண்டு செத்தால் ஓடும் கரண்ட் குறையும், அதனால் ரெசிஸ்டரில் விழும் வோல்ட்டும் குறையும், மிச்சமுள்ள ஆறுக்கும் கூடுதல் வோல்ட் ஏறும். ஒன்றன்பின் ஒன்றாக எரியும். பழைய வகை பிளக்கின் முனை சூட்டில் வீங்கி, கழற்றும்போது உள்ளேயே முறிந்து நிற்கும். ரெசிஸ்டரை விலக்கி நேராக 12 வோல்ட் கொடுத்து, சூட்டைத் தானே கட்டுப்படுத்தும் 60ஜி வகை பிளக் போடுவது பலரும் கையாளும் வழி. குளோ பிளக் உள்ள எஞ்சினில் ஈதர் ஸ்ப்ரே அடித்துக் கிளப்பவே வேண்டாம். நேரங்கெட்ட நேரத்தில் பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கும்.

எம்37, எம்715-இல் மூன்று நெம்புகோல் உள்ள விளக்கு சுவிட்ச் இருக்கும். அதில் ஒரு பொறி: சுவிட்ச் ‘ஆஃப்’ நிலையில் இருந்தால் பிரேக் விளக்கும் எரியாது. பகலில் ஓட்டும்போது ‘ஸ்டாப் லைட்’ நிலையில் வைக்க வேண்டும். தெரியாமல் ஓட்டினால், நீங்கள் பிரேக் போடுவது பின்னால் வருபவருக்குத் தெரியவே தெரியாது.

எஞ்சினைக் கிளப்பும் அவசரம்

வருடக்கணக்கில் நின்ற எஞ்சினுக்கு நேராக செல்ஃப் அடிக்காதீர்கள். பெட்ரோல் எஞ்சின் என்றால் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டருக்கு 30 மில்லி அளவில் எஞ்சின் ஆயில் விட்டு, ஒருநாள் ஊறவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். எம்37 போன்ற பக்கவால்வு எஞ்சினில் வால்வு தண்டு இறுகிக்கொள்வது சகஜம். பக்கவாட்டு மூடியைத் திறந்தால் எது எழுந்து இறங்காமல் நிற்கிறது என்று கண்ணாலேயே தெரியும். பழைய டேங்கில் உள்ள பெட்ரோலை நம்பாதீர்கள். முதல் ஓட்டத்துக்குத் தனி கேனிலிருந்து கொடுங்கள், இல்லையேல் டேங்க் துரு முழுக்க கார்புரேட்டரில்தான். ஆக்ஸில், கியர்பாக்ஸ் ஆயிலையும் வடித்துப் பாருங்கள். ஆறு, குளம் கடந்த வண்டிகள் இவை. பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

டிங்கர், பெயிண்ட், இன்ன பிற

கேபின் தரை, கேபின் தாங்கிகள், சேஸிஸில் இரண்டு தகடு சேரும் இடம், இந்த மூன்றிலும் ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே இறங்கினால் பட்டி பூசி மறைக்க வேண்டாம், வெட்டியெடுத்துத் தகடு வைத்து வெல்டிங்தான். 1980கள் முதல் அமெரிக்க ராணுவ வண்டிகளில் அடித்த ரசாயன எதிர்ப்பு பெயிண்டின் தூசியும் புகையும் நுரையீரலுக்குக் கேடு, அதற்கு முந்தைய பெயிண்டில் ஈயமும் குரோமேட்டும் இருக்கலாம். சாதாரணத் துணி மாஸ்க் போதாது. ஈரத்தோடு தேயுங்கள், வெல்டிங் வைக்கும் இடத்தில் பெயிண்டை முதலில் எடுத்துவிடுங்கள்.

சீட் பெல்ட் இல்லாத வண்டியில் பெல்ட் மாட்டும்போது வெறும் தரைத்தகட்டில் ஓட்டை போட்டு இறுக்குவது வீண்வேலை. இழுப்பு வந்தால் தகட்டோடு பிய்த்துக்கொண்டு வரும். அடியில் தடித்த தகடு வைத்து, சீட் பெல்ட்டுக்கென்றே வரும் 7/16 அங்குல போல்ட்டைப் போடுங்கள்.

நான்கு வீல் இழுவையை உலர்ந்த தார்ச் சாலையில் போட்டு ஓட்டாதீர்கள். முன், பின் ஆக்ஸில்களின் வேக வித்தியாசத்தைச் சமாளிக்கும் நடு டிஃபரென்ஷியல் கிடையாது, திருப்பத்தில் முன்னும் பின்னும் முறுக்கிக்கொண்டு டிரான்ஸ்ஃபர் கேஸ் அடிவாங்கும். எம்37-இல் முதல் கியர் சேற்றுக்கும் மேட்டுக்கும் உள்ளது, சமதளத்தில் இரண்டாவதிலேயே எடுக்கலாம். முதல் 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி இறுக்கி, நான்கு டிரம்மையும் தொட்டுச் சூட்டை ஒப்பிட்டு, ஸ்டியரிங்கின் டை ராட் முனைகளை ஆட்டிப் பார்த்துவிட்டு, அதன்பின் கொஞ்சம் தூரமாகப் போங்கள்.